காண்போர் கடன்: ‘நோப்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஒழுக்கம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கையையும் நாவையுமே விசாரணைக்கு உட்படுத்துவர். கை செய்தது என்ன, நா சொன்னது என்ன என்று கேட்கப்படும். கண் கண்டது என்ன என்று கேட்போர் அரியர். காட்சி தானாக வந்து கண்ணில் விழுகின்றது, அதற்கு நாம் பொறுப்பாக முடியாது என்னும் எண்ணமே பொதுவாக நிலவுகின்றது. ஆயினும் பண்டைச் சிந்தனையாளர் இவ்விடயத்தை இத்துணை எளிதாக விட்டுவிடவில்லை. பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலின் நான்காம் பகுதியில் லியோந்தியஸ் என்பவனின் கதையைக் கூறுகின்றார். கொலைத்தண்டனை பெற்றோரின் உடல்கள் மதிலருகே கிடந்தன. அவற்றைப் பார்க்க அவனுக்கு ஆசை. பார்க்கலாகாது என்ற அருவருப்பும் உண்டு. நெடுநேரம் போராடி ஈற்றில் ஆசை வெல்லவே, ஓடிச்சென்று பார்த்த அவன் தன் கண்களையே திட்டினான். புனித அகுஸ்தீனாரின் ‘ஒப்புதல்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் வரும் அலிப்பியுஸ் என்பவனோ, நண்பரது வற்புறுத்தலினால் உரோமரின் வாட்போர்க் களரிக்குச் சென்று கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண்ணைத் திறந்தவன், அக்கணமே அக்கூட்டத்துள் ஒருவனாகிவிட்டான்.

காண்பதும் ஒரு செயலே, அதற்கும் பழியும் புகழும் உண்டு என்பது இவ்விரு கதைகளினதும் உட்பொருள் எனலாம். ஆனால் அங்கு சிந்தியது மெய்யான இரத்தம். திரையில் நாம் காண்பது நிழல். நிழலைக் கண்டு மகிழ்வோனுக்கு என்ன பழி? இவ்வினாவை ஒரு திகிற் படமே எழுப்பியிருக்கின்றது என்பதும், அப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து மகிழும் இரசிகர் பலராக இருப்பதும் ஒருங்கே சிந்திக்கத்தக்கன.

2022 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்த ‘நோப்’ என்னும் அமெரிக்கப் படத்தை எழுதி நெறிப்படுத்தியவர் ஜோர்டன் பீல். படத்தின் பெயர் பேச்சுவழக்கில் மறுப்பை உணர்த்தும் ஒரு சிறு சொல். ‘ஏலாது’ என்று நாம் சொல்வதற்கு ஏறக்குறைய நிகரானது. கலிபோர்னியாவின் அகுவா டுல்சே என்னும் வறண்ட பிரதேசத்திலே, ஹொலிவூட் படங்களுக்குக் குதிரைகளைப் பழக்கிக் கொடுக்கும் கறுப்பினக் குடும்பம் ஒன்று வாழ்கின்றது. வானிலிருந்து விழுந்த ஐந்து சத நாணயமொன்று பாய்ந்து தந்தை இறக்கின்றார். மகன் ஓ.ஜே.யும் மகள் எமரல்டும் பண்ணையைக் காக்கப் போராடுகின்றனர். அசையாது நிற்கும் ஒரு முகிலினுள் ஏதோ மறைந்திருப்பதை அவர்கள் காண்கின்றனர். பறக்குந்தட்டு என முதலில் எண்ணப்படும் அது, உண்மையில் உயிருள்ள ஒரு விலங்கு என்பது பின்னர் தெரியவருகின்றது. தன்னை நிமிர்ந்து பார்ப்போரை அது விழுங்கிவிடும்.

இரசிகர்கள் முதலிற் பாராட்டுவது இப்படத்தின் கலப்பியல்பையே. வானத்து மருமம் விஞ்ஞானப் புனைகதைக்கு உரியது. விழுங்கப்படுவோரின் ஓலம் திகிற் படத்துக்கு உரியது. புழுதி நிலமும் குதிரையும் தனித்து நின்று எதிர்கொள்ளும் வீரனும் கௌபோய்ப் படத்துக்கு உரியவை. இம்மூன்றும் வெறுமனே ஒட்டவைக்கப்பட்டவை அல்ல. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் சொற்களிற் கூறுவதாயின், மருட்கையும் அச்சமும் பெருமிதமும் ஒரே பொருளைச் சுற்றிப் பிறக்கின்றன. அச்சத்துக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் அணங்கும் விலங்கும் இடம்பெறுகின்றன. இப்படத்தின் வானுயிரி இரண்டுமாக நிற்கின்றது. பெருமிதத்துக்குரிய நான்கனுள் ஒன்று தறுகண். அஞ்சாமையைக் குறிக்கும் அச்சொல்லுக்குள்ளே கண் இருப்பது, பார்வையையே பொருளாகக் கொண்ட இப்படத்துக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. கௌபோய்ப் படத்து வீரன் எதிரியின் கண்ணை நேரே நோக்குவதாற் புகழ் பெற்றான். இங்கோ பார்வையைத் தாழ்த்தத் தெரிந்தவனே உயிர் தப்புகின்றான்.

ஓ.ஜே. இந்த அறிவைப் பெற்றது குதிரைகளிடமிருந்து. படத்தின் தொடக்கத்தில், விளம்பரப் படப்பிடிப்பு ஒன்றிலே, பளபளக்கும் கோளமொன்றிற் தன் உருவத்தைக் கண்ட குதிரை வெருண்டு உதைக்கின்றது. அவன் முன்னரே எச்சரித்திருந்தான், அங்கிருந்தோர் செவிகொடுக்கவில்லை. அவர்களுக்கு அக்குதிரை படத்துக்கு வேண்டிய ஒரு பொருள். அவனுக்கோ அது தனக்கென அச்சமும் எல்லையும் உடைய ஓர் உயிர். வானிலுள்ளதும் விலங்கே என உணர்ந்தவுடன் அவன் அதற்கும் அதே மதிப்பை அளிக்கின்றான். இவ்விடத்திற் பார்வையைத் தாழ்த்துவது கோழைத்தனமாகாது. எதிரில் நிற்பதும் நம்மைப் பார்க்கின்றது என்பதை ஏற்றுக்கொள்வதாகும்.

இதற்கு நேர்மாறானவன் ஸ்டீவன் யுன் நடித்த ஜூப் என்னும் பாத்திரம். சிறுவயதில் அவன் நடித்த தொலைக்காட்சித் தொடரின் ஒளிப்பதிவிலே, பலூன் வெடித்த ஓசையால் வெருண்ட சிம்பன்சி ஒன்று உடன் நடித்தோரைத் தாக்கியது. அவன் மேசையின் கீழ் ஒளிந்திருந்தான். மேசைவிரிப்பின் மறைவினாற் கண்ணோடு கண் சந்திக்காமையே அவனைக் காத்தது என்பதைப் படம் குறிப்பால் உணர்த்துகின்றது. அவனோ தான் தெரிந்தெடுக்கப்பட்டவன் என நம்பி வளர்கின்றான். அந்தக் கொடுமையின் நினைவுப்பொருள்களைக் கொண்டு இரகசிய அறையொன்றை அமைத்து, பெரும்பணம் கொடுத்தோரை அங்கு ஓர் இரவு தங்கவும் விட்டவன் அவன். அன்று நிகழ்ந்தது என்ன என்று கேட்கும்போது, தான் கண்டதை அவன் சொல்வதில்லை. அதைக் கேலியாக்கிய ஒரு நகைச்சுவை நாடகத்தையே புகழ்கின்றான். பின்னர் குதிரைகளை இரையாக வைத்து வானுயிரியைக் காட்சிப்பொருளாக்க முனைந்து, கூடியிருந்த பார்வையாளரோடு தானும் விழுங்கப்படுகின்றான். தன் வேதனையை விற்றுப் பழகியவனுக்குப் பிற உயிரின் இயல்பு தெரியாமற் போகின்றது. காட்சி மோகத்தினால் வரும் கேடு காணப்படுவோருக்கு மாத்திரம் உரியதன்று, காண்போனையும் உள்ளிருந்து அரிக்கின்றது என்னும் அலிப்பியுஸ் கதையின் கருத்து இங்கு மீண்டும் ஒலிக்கின்றது.

இனி, நிழற்படத்தால் எவருக்கும் தீங்கில்லை என்னும் வாதத்தைக் கவனிப்போம். வானுயிரி கணினியால் ஆக்கப்பட்டது என்ற அளவில் அது சரியே. ஆனால் திரைப்பட வரலாறு முழுவதற்கும் அது பொருந்துமா? 1939 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜெஸி ஜேம்ஸ்’ என்னும் கௌபோய்ப் படத்துக்காக உயர்ந்த பாறையிலிருந்து நீரினுள் வீழ்த்தப்பட்ட குதிரை மாண்டது. அக்காலத்துப் படங்களில், பாய்ந்தோடும் குதிரை குப்புற விழவேண்டுமாயின் அதன் முன்னங்கால்களிற் கம்பியைப் பிணைத்து இழுப்பது வழக்கமாயிருந்தது. ‘ஜெஸி ஜேம்ஸ்’ பற்றி எழுந்த கண்டனத்தின் பின்னர், 1940 இல் அமெரிக்கன் ஹியூமேன் என்னும் நலன்பேண் சங்கம் ஹொலிவூட்டில் அலுவலகம் திறந்து படப்பிடிப்புகளைக் கண்காணிக்கலாயிற்று. படமாளிகையில் இருந்து கைதட்டியவர் எவரும் கம்பியை இழுக்கவில்லை. ஆயினும் கம்பியை இழுத்தவன் அந்தக் கைதட்டலை எதிர்பார்த்தே இழுத்தான். பார்வையாளனின் காசு குதிரையின் காலிற் கட்டப்பட்ட கம்பியின் மறுமுனையாகும். வானிலிருந்து விழுந்த நாணயம் குதிரைப் பழக்குநர் ஒருவரைக் கொல்வதாக ஜோர்டன் பீல் அமைத்திருப்பதை இந்தப் பின்னணியிற் காணுதல் தகும்.

மற்றொரு தீங்கும் உண்டு. அது குருதி சிந்தாதது. எட்வேட் மைபிரிட்ஜ் என்னும் நிழற்படக் கலைஞர் 1878 ஆம் ஆண்டில், ஓடும் குதிரையின் இயக்கத்தைத் தொடர்படங்களாகப் பதிவுசெய்து புகழடைந்தார். 1887 இல் வெளியிடப்பட்ட அவரது ‘விலங்கு இயக்கம்’ என்னும் பெருந்தொகுதியிலே, கறுப்பினத்தவர் ஒருவர் குதிரை ஓட்டும் படவரிசை ஒன்றுள்ளது. குதிரையின் பெயர் அனி ஜி. எனப் பதிவாகியுள்ளது. ஓட்டியவரின் பெயரோ பதிவாகவில்லை. உலகம் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு மனிதர், எவராலும் அறியப்படாதவராகவே மறைந்துவிட்டார். ‘நோப்’ படத்தின் குடும்பம் தன்னை அவரது வழித்தோன்றல் எனப் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றது. அது கற்பனையே, ஆயினும் அக்கற்பனை ஒரு மெய்யான வெற்றிடத்தைச் சுட்டுகின்றது. கௌபோய்களுட் பலர் கறுப்பினத்தவராய் இருந்தும், கௌபோய்ப் படங்கள் நெடுங்காலம் அவர்களைக் காட்டாது விட்டன. அக்குடும்பத்தின் வீட்டுச் சுவரிலே, சிட்னி பொய்ற்றியர் 1972 இல் நெறிப்படுத்தி நடித்த ‘பக் அன்ட் த பிரீச்சர்’ என்னும் படத்தின் விளம்பரத்தாள் தொங்குவதும் இதனாலேயே. காணப்படுவது வேறு, மதிக்கப்படுவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். காட்சி மோகத்தைக் கண்டிக்கும் இப்படம் தானே ஒரு பெருங்காட்சியன்றோ? பெருந்திரைக்கென ஐமாக்ஸ் கமராக்களைக் கொண்டு ஹொய்ற்றே வான் ஹொய்ற்றெமா பதிவுசெய்த அகன்ற வானத்தை அண்ணாந்து வியக்கவே நாம் செல்கின்றோம். படம் வெளிவந்த அதே நாளிலே, ஜூப்பின் கேளிக்கைப் பூங்காவாக அமைக்கப்பட்ட அரங்கு ஹொலிவூட் யூனிவேர்சல் படப்பிடிப்புத்தளச் சுற்றுலாவிற் சேர்க்கப்பட்டது. விழுங்கப்பட்டோர் அமர்ந்திருந்த இடத்தை இன்பச் சுற்றுலாவாகக் காண்பது முரணன்றோ? முரணே; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதிலிருந்து, காணாதிருப்பதே அறம் என்ற முடிவு பெறப்படுமா? பெறப்படாது என்பதே என் கருத்து. மைபிரிட்ஜின் படத்தை எவரும் பாராதிருந்தால் அதிலிருப்பவர் முற்றாக மறக்கப்பட்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்ட அலிப்பியுஸ் அதனால் வாட்போர் வீரர் எவரையும் காப்பாற்றவில்லை. நேரிற் காணப் பொறுக்காதவற்றின் உருவத்தைக் கண்டு மகிழ்வது கற்கும் விருப்பினால் என அரிஸ்டோட்டில் தமது கவிதையியலிற் கூறுவர். அவ்வாறாயின், கற்காது காணும் காட்சியே கண்டனத்துக்கு உரியது.

இரசிகரைப் பற்றிய என் கவலையும் இவ்விடத்திலேயே எழுகின்றது. சிம்பன்சி தாக்கும் காட்சியிலே, சிறுமி ஒருத்தியின் சப்பாத்து ஒன்று நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கின்றது. அது எதன் குறியீடு என்பது பற்றி இரசிகர் ஓயாது விவாதித்துள்ளனர். ஒரு படைப்பை நுணுகி நோக்கும் ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆனால் அன்று ஜூப் செய்ததும் அதுவேயன்றோ? அருகிலே ஒரு சிறுமி உருக்குலைந்து கிடக்க, அவன் கண் சப்பாத்தில் நிலைத்தது. பின்னர் அதே சப்பாத்தை அவன் கண்ணாடிப் பேழையில் வைத்தான். புதிரை அவிழ்க்கும் இன்பத்திலே, புதிருக்கு அருகிற் கிடக்கும் உயிரை மறந்துவிடுவோமாயின் நாமும் அந்த அறைக்குப் பணம் கொடுத்து வந்தவர்களாவோம். இப்படத்தை நன்கு இரசித்தவன் சப்பாத்தின் பொருளை அறிந்தவன் அல்லன். அந்தச் சிறுமி பிற்காலத்தில் முகத்திரையோடு பார்வையாளர் வரிசையில் வந்து அமரும்போது, அவளை அடையாளங்கண்டு மனம் பதைத்தவனே.

படம் தன் வினாவுக்கு விடையாகக் காட்டுவதும் ஒரு பார்வையையே. எமரல்ட் சிறுமியாக இருந்தபோது, அவளுக்கெனச் சொல்லப்பட்ட குதிரையைத் தந்தை தமையனைக் கொண்டு பழக்குவித்தார். யன்னலருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவளைத் தந்தை நோக்கவேயில்லை. தமையன் மட்டும் நிமிர்ந்து, விரல்களாற் தன் கண்ணைச் சுட்டிப் பின் அவளைச் சுட்டினான். ‘உன்னை நான் காண்கிறேன்’ என்பது அதன் பொருள். இறுதியில் அவளைத் தப்புவிக்க, வானுயிரியின் பார்வையைத் தன்பால் ஈர்க்கத் துணியும் ஓ.ஜே. அதே சைகையை மீண்டும் செய்கின்றான். படம் முழுவதும் விழுங்குவதற்கும் விற்பதற்குமாக நிகழும் பார்வைகளுக்கிடையே, எதையும் கவர்ந்துகொள்ளாது தன்னைக் கொடுக்கும் பார்வை இது ஒன்றே.

எமரல்ட் ஈற்றில் அவ்வுயிரியைப் படம்பிடித்துவிடுகின்றாள். அப்படத்தால் அவளுக்குப் புகழும் பொருளும் கிடைக்கலாம். அவளது பெயரும் குதிரை ஓட்டியவரின் பெயர்போல் மறைந்துபோகலாம். எது நிகழும் என்பதைப் படம் கூறவில்லை. அது படத்தைக் காணப்போவோர் கையில் உள்ளது. திரையரங்கில் இருந்து எழுந்து வரும் நாம், இக்காட்சிக்காக யார் விழுந்தார், யாருடைய பெயர் விடுபட்டது என்று கேட்கும் பழக்கத்தையேனும் கைக்கொள்வோமாக. கண்ணுக்கும் கடன் உண்டு என்பதை ஏற்போர்க்கு அது பெருஞ்சுமையன்று.