தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

'பணம் கொடுத்துப் பெறும் தண்ணீரை விருப்பம்போல் செலவழிக்க எனக்கு உரிமை இல்லையா?' என்று நகரவாசி ஒருவர் கேட்டால், அதில் தவறு இருப்பதாகத் தோன்றாது. ஆனால் தார்ப் பாலைவனத்தின் பழைய கிராமங்களில் இக்கேள்வி எழுந்திருக்கவே முடியாது.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பிகானேர் பகுதிகளில் 'குயீ' எனப்படும் மிகக் குறுகிய கிணறுகள் உண்டு. மணலுக்கடியில் பரந்து கிடக்கும் ஜிப்சப் படுகை, மழைநீரை ஆழத்திலுள்ள உப்புநீரோடு கலக்கவிடாமல் தடுக்கிறது. மணலில் தங்கிய அந்த ஈரம் துளித்துளியாகக் கசிந்து, நாளொன்றுக்குச் சில குடங்களே சேரும். குயீ அந்தந்தக் குடும்பத்துக்கு உரியது. நிலமோ ஊருக்குப் பொது. புதிதாக ஒன்று தோண்டினால் மற்றவற்றின் பங்கு குறையும். ஆகவே ஊரின் சம்மதமின்றி எவரும் தோண்டுவதில்லை. உரிமை தனிமனிதனுடையது, அதன் வரம்பு சமூகத்தினுடையது.

1459-இல் ராவ் ஜோதா நிறுவிய ஜோத்பூரும் ஏரிகளையும் படிக்கிணறுகளையும் நம்பியே வாழ்ந்தது. மக்கள்தொகை பெருகியபோது அவை போதவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்தார் தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து புறப்படும் இந்திரா காந்தி கால்வாயின் நீர், 1990-களின் இறுதியில் ஜோத்பூரை வந்தடைந்தது. குடம் சுமந்து நெடுந்தூரம் நடந்த பெண்களின் துன்பத்தை அறிந்த எவரும் அதை வரமென்றே போற்றுவர்.

ஆனால் அதன்பின் பழைய நீர்நிலைகள் பல கைவிடப்பட்டன; சிலவற்றில் குப்பை நிறைந்தது. இறைப்பார் இல்லாமல் நிலத்தடி நீர் உயர்ந்து, கட்டடங்களின் அடித்தளங்களில் புகுந்தது. கால்வாய் பராமரிப்புக்காக மூடப்படும் கோடை நாட்களிலோ, அதே நகரில் குழாய்நீர் அளந்து விடப்படுகிறது. காலடியில் ஊறுவது தொல்லையாயிற்று. தொலைவிலிருந்து வருவதே தண்ணீர் என்றாயிற்று.

அப்படியானால் முன்னோரின் சிக்கனம் அறமா, வெறும் இயலாமையா? கிடைக்காததால் குறைவாகச் செலவிடுவது நிர்ப்பந்தம். கிடைத்தும், பிறரை எண்ணிக் கையை மடக்குவதே அறம். குயீயைத் தோண்டும் வலிமை இருந்தும் தோண்டாமல் நின்றவனிடம் இந்த அறம் இருந்தது. கால்வாய் அதை அழிக்கவில்லை, அதைச் சோதிக்கிறது.

நாம் செலுத்தும் கட்டணம் நீரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலியே. நீரின் விலை அன்று. இமயத்தின் பனிக்கு யாரால் விலை கொடுக்க முடியும்? அந்நீருக்குக் கால்வாயின் கடைமடை உழவனும் காத்திருக்கிறான். இன்னும் பிறவாத தலைமுறையும் காத்திருக்கிறது. குழாயைத் திறக்கும் கை அவர்களை நினைக்குமானால், அதை மூடவும் தானே கற்றுக்கொள்ளும்.