மணமுழக்கின் நடுவே கேட்ட குரல்



மயிலாப்பூர் என்றவுடன் நம் நெஞ்சில் எழுபவர் பகவான் நேமிநாதர். அவிரோதி ஆழ்வார் திருநூற்றந்தாதி பாடிப் போற்றியது மயிலையில் கோயில் கொண்டிருந்த அப்பெருமானையே. அவர்தம் திருவுருவம் பிற்காலத்தில் மேல்சித்தாமூருக்கு எழுந்தருளியது என்பது நம் முன்னோர் சொல்லிவரும் செய்தி.

அவர் வரலாற்றில் நாம் அடிக்கடி எண்ண வேண்டிய இடம் ஒன்றுண்டு. ராஜமதியை மணக்கத் தேரேறிச் சென்ற வழியெங்கும் மங்கல வாத்தியங்கள் முழங்கின. அம்முழக்கின் நடுவிலும், விருந்துக்கென அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் அவர் செவியில் விழுந்தது. தேரைத் திருப்பினார், துறவு பூண்டார்.

இன்று லஸ் முனையிலோ, தியாகராய நகர் உஸ்மான் சாலையிலோ நிற்கும் நமக்கு, அருகில் நிற்பவர் சொல்லே கேட்பதில்லை.

ஒலி ஆகாயத்தின் குணம் என்றனர் வைசேடிகர். நம் தத்துவார்த்த சூத்திரமோ அதனைப் புத்கலத்தின் பரியாயம் என்று வகுத்தது. ஒலி பொருளின் அதிர்வாகப் பரவுகிறது என்றே இன்றைய அறிவியலும் கூறுகிறது. பொருளின் இயக்கமாதலால் அது சென்று தாக்கும். உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் பேரொலியால் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. தொடர் இரைச்சலால் உறக்கம் கெடும். இரத்த அழுத்தமும் ஏறும். ஆகவே, வீண் இரைச்சல் எழுப்புவதும் இம்சையே. பயனின்றிப் பிறரை வருத்துதலை விலக்கும் அநர்த்த தண்ட விரதத்தில் இதனையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நாட்டின் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. இக்கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். அதே ஆண்டில், சென்னையில் எழுந்த ஒரு வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நமக்கும் உரியதே.

நமக்கும் உரியது என்று கூறக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அடையாற்றில் நம் இல்லத் திருமணத்தையொட்டிப் பந்தலிட்டு ஒலிபெருக்கி வைத்திருந்தோம். ஒலித்தவை அருகன் துதிப்பாடல்களே. மாலையில் அடுத்த வீட்டு அம்மையார் வந்து ஏதோ கூறினார். அவர் சொல் நம் செவியில் ஏறவில்லை. வாழ்த்த வந்தார் போலும் என்றெண்ணி, உணவருந்திச் செல்லுமாறு கைகாட்டினோம். அவர் பேசாமல் திரும்பினார். மறுநாள் தாம்பூலத்துடன் சென்றபோதுதான் அறிந்தோம்: மருத்துவமனையிலிருந்து அன்றே திரும்பிய தம் தாயார் துடிப்பதைக் கூறி, ஒலியைக் குறைக்க வேண்டவே அவர் வந்திருக்கிறார். நாற்பதாண்டுக் காலம் மாணவரை அமைதி காக்கச் சொல்லிப் பழகிய நாம், அன்று தலை குனிந்து நின்றோம்.

நேமிநாதர் வாய் பேசா உயிர்களின் ஓலத்தைக் கேட்டார். நாமோ, வாசலில் வந்து நின்று கூறியவரின் சொல்லையும் கேளாதிருந்தோம்.

அன்று முதல் நம் இல்லத்தில் சில நெறிகளைக் கொண்டோம். விழாக்களில் ஒலிபெருக்கி இல்லை. தொலைக்காட்சியின் ஒலி அறையைத் தாண்டுவதில்லை. பிள்ளைகள் வண்டியில் செல்லுங்கால் இன்றியமையாத இடத்தன்றி ஒலிப்பானை அழுத்துவதில்லை. பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளித் திருநாளில் விளக்கேற்றுவதுண்டு, வெடி வெடிப்பதில்லை. நாள்தோறும் இரண்டு நாழிகை சாமாயிகத்தில் அமர்ந்து, வசன குப்தி காக்கிறோம்.

இவை அரிய தவங்கள் அல்ல. இல்லறத்தார் எளிதில் ஏற்கத்தக்கவையே. அடுத்த முறை நம் வாசலில் ஒருவர் வந்து நின்றால், அவர் சொல் நமக்குக் கேட்க வேண்டும்.

அறம் வளர்க!