செஞ்சோறும் ரொக்கச் சோறும்

சென்ற தை மாதம் புதுச்சேரியில் மூன்று மணி நேரம் நடந்துகொண்டே சாப்பிட்டேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் (ஒரு காலத்தில் கவிதை எழுதியவர்) ஊருக்கு வந்திருந்தார். உணவு நடை என்று ஒன்று நடத்துகிறார்கள், வா என்றார். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். இருவருக்கும் அவரே முன்கூட்டிக் கட்டிவிட்டார். வழிகாட்ட ஒரு இளைஞன், நடப்பவர்கள் எட்டுப் பேர், நிற்கும் இடங்கள் ஆறு. பெரிய மார்க்கெட்டில் தொடங்கி, தமிழர் தெருக்கள் வழியே வந்து, வாய்க்காலைத் தாண்டி, வெள்ளையர் நகரமாக இருந்த பகுதியில் ஒரு ரொட்டிக் கடையில் முடிந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு, ஒரு கரண்டி, ஒரு மிடறு. எங்கும் யாரும் உட்காரவில்லை.

வழிகாட்டி கெட்டிக்காரன். இந்தோ-சீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்திலும் உத்தியோகத்திலும் இருந்த புதுச்சேரிக்காரர்கள் அங்கிருந்து மனைவிமாரோடு கூடவே சமையலையும் கொண்டுவந்ததைச் சொல்லி வியத்நாமியச் சுருளைத் தந்தான். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் கருகின நிறத்தில் ஏதோ ஒன்றை நீட்டி முகரச் சொன்னான். 'வடுவான்'. பிரெஞ்சு சமையல்காரர்கள் கொண்டாடும் மசாலா என்றான். முகர்ந்தேன். என் அப்பாயி சித்திரை வெயிலில் முறத்தில் உருட்டிக் காயவைக்கும் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, வெந்தயம், கடுகு, விளக்கெண்ணெய். வடகம் கடல் கடந்து போய், பெயரை மாற்றிக்கொண்டு, விலை ஏறித் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இதில் கோபம் வரவில்லை. கவிதைக்கும் இப்படித்தான் நடக்கிறது.

நாலாவது இடம் ஒரு ஆப்பக் கடை. கடை என்றால் வீட்டு வாசல், ஒரு அடுப்பு, ஒரு அம்மாள். ஆளுக்குப் பாதி ஆப்பம் என்பது ஏற்பாடு. என் தட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் இன்னொரு பாதியை வைத்தாள். நான் என்னையறியாமல் சட்டைப் பையில் கை வைத்தேன். "அதெல்லாம் நாங்க மாசக் கணக்குல குடுத்துடுவோம் சார்" என்றான் வழிகாட்டி. எட்டுப் பேருக்கு நாலு ஆப்பம் என்பதுதான் அவன் கணக்கு. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது.

இந்த நடையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர், "பட்டினி கிடப்பவன் தெருவில் இருக்க நாம் ருசி பார்த்துக்கொண்டு போகலாமா என்றுதானே எழுதுவாய்?" என்று கேட்டார். இல்லை. உலகத்தில் பசி இருக்கும்வரை ருசி குற்றம் என்றால் இந்தப் பத்திரிகையையும் மூடிவிட வேண்டியதுதான். பசித்தவனுக்கு எதுவும் ருசிக்கும், பசி அடங்கின பிறகே எவனுக்கு ருசி உண்டு, எவனுக்கு இல்லை என்று தெரியவரும் என்று காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் சொல்கிறார். அவர் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அப்படிப் பார்த்தால் இந்த நடை ருசியின் தூய வடிவம். எட்டுப் பேரில் ஒருவருக்கும் பசி இல்லை.

என்னைத் தொந்தரவு செய்தது வேறு. நான் பேராவூரணியில் ஒரு வங்கியில் குமாஸ்தா. பயிர்க் கடன், நகைக் கடன். நாள் முழுக்க யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதுகிறவன். கடனைக் கட்டி முடித்த விவசாயிக்குப் பாக்கி இல்லை என்று ஒரு சான்று தருவோம், நோ டியூஸ் சர்டிபிகேட். அதை மடித்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போகிறவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். கூடவே இனி இந்தக் கட்டடத்தில் தனக்கு வேலை இல்லை என்ற அந்நியமும் இருக்கும். புதுச்சேரியில் ஆறு இடத்திலும் நான் சாப்பிடுவதற்கு முன்பே அந்தச் சான்று என் கையில் இருந்தது.

தமிழில் சோற்றுக்குக் கடன் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. செஞ்சோற்றுக் கடன். கர்ணனை அந்தப் பக்கம் நிறுத்தியது அதுதான். உப்பிட்டவனை நினை என்று பழமொழியும் உண்டு. இதைப் பண்பாட்டின் உயர்வாகச் சொல்லி மகிழும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன், அவ்வளவு சுலபமாக மகிழ முடியவில்லை. சோற்றுக் கடன் என்பது இங்கே நூற்றாண்டுகளாக ஒரு கயிறு. பண்ணையாள் என்பவன் சோற்றால் கட்டப்பட்டவன்: கூலி நெல்லாக, கஞ்சியாக வரும், கணக்கு ஒருபோதும் தீராது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பல பண்ணைகளில் ஆட்களைப் பாதுகாப்பதற்குப் பதில் வெளியே தள்ளினார்கள். கூலியை எத்தனை படி நெல் என்று பேசும் இதே நாட்டில், அந்தத் தகராறின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். சோறு போட்டவனை எதிர்க்கலாமா என்ற கேள்விக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

என் தாத்தா ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர், வெளியேறியவர். பிறகு கீற்று முடைந்து விற்றார், தேங்காய் உரித்தார். கையில் காசு வந்த நாளிலிருந்து சந்தைக்குப் போனால் ஒரு கிளப்புக் கடையில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிடுவார். வீட்டில் சோறு இருக்கும். இருந்தாலும் சாப்பிடுவார். இலை போடுவதற்கு முன்பே காசை மேஜைமேல் சத்தம் கேட்க வைப்பார் என்று அப்பாயி சொல்லிச் சிரிக்கும். நான் சிறுவனாக அது கஞ்சத்தனமோ வீம்போ என்று நினைத்திருந்தேன். அது பிரகடனம். நான் தின்னப்போகும் இதற்கு யாருக்கும் நான் கடன்பட்டவனல்ல. ரொக்கச் சோற்றின் ருசி அவருக்கு அதுதான், சட்னி அப்புறம்.

அப்படியானால் புதுச்சேரி நடையை நான் வாழ்த்த வேண்டும். முன்கூட்டிக் கட்டின ஆயிரத்து ஐந்நூறும் மேஜைமேல் வைத்த காசுதானே? நண்பர் இதைத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதுவும் பாதி பதில்தான்.

தாத்தா காசு வைத்தது கடைக்காரர் எதிரில் தானும் ஒரு மனிதனாக உட்காருவதற்கு. அடுத்த சந்தைக்கும் அதே பெஞ்சுதான், அதே கடைக்காரர்தான். ஒருநாள் காசு குறைந்தால் அப்புறம் தரலாம் என்று சொல்லுமளவுக்கு அந்த உறவு வளர்ந்தது. அந்தப் பாக்கியில் கயிறு இல்லை. சமானமானவர்கள் இடையேயான பாக்கி அது. நாங்கள் கட்டின காசோ எதிரில் யாரும் இல்லாமல் சாப்பிடுவதற்கு. அந்த அம்மாளின் இடத்தில் அந்த அம்மாளின் கதை இருந்தது. கதையை வழிகாட்டி சொன்னான், அம்மாள் ஆப்பம் வார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாதி ஆப்பம் வந்தபோது மட்டும் ஒரு கணம் அங்கே ஆள் தெரிந்தாள். அதையும் மாசக் கணக்கில் ஏற்றியாயிற்று.

சரித்திரமும் இப்படித்தான் பரிமாறப்பட்டது, விழுங்கக்கூடிய அளவில். நாங்கள் நடந்த நகரத்தைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைகள் பழைய கோட்டைச் சுவரின் தடத்தில் போடப்பட்டவை. 1760இல் ஆங்கிலேயர் கூட் தலைமையில் இந்த நகரத்தை முற்றுகையிட்டார்கள். உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சுமார் 1400 தமிழர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, வெளியேற்றிக் கதவைச் சாத்தினான். ஆங்கிலேயர் தங்கள் வரிசையைத் தாண்ட விடவில்லை. திரும்பி வந்தால் கோட்டை சுட்டது. எட்டு நாள் இரண்டு படைகளுக்கும் நடுவே குடும்பம் குடும்பமாக நடந்தார்கள், புல்லின் வேரைத் தின்றார்கள். பிறகுதான் ஆங்கிலேயர் வழிவிட்டார்கள். ஓர்ம் தன் சரித்திரத்தில் இதை எழுதியிருக்கிறார். 1761 ஜனவரியில் நகரம் பட்டினியால் சரணடைந்தது. அந்தக் கடற்கரை நகரத்தில் நடந்த உணவு நடைகளில் அதுவும் ஒன்று.

வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று முதலில் பட்டது. பிறகு பயம் வந்தது. சொல்லியிருந்தால்? ரொட்டிக் கடைக்கு முன் ஒரு நிமிஷம் எட்டுப் பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருப்போம். அது ஏழாவது ருசியாகியிருக்கும், கொஞ்சம் கசப்பு. இதை இங்கே எழுதும் நானும் அதைத்தான் செய்கிறேனோ என்னவோ. ஆங்கில பி.ஏ. முடித்துவிட்டு விமர்சனம் எழுதுகிறவன் தானும் ஒரு வழிகாட்டிதான். ஒரு கரண்டி காஃப்கா, ஒரு துண்டு நெரூதா, வாசகர் உட்காருவதற்குள் அடுத்த இடம். ரஸம் என்பதைப் பரதனே சமையலைக் காட்டித்தான் விளக்குகிறார், ஆகவே உவமை புதிதல்ல. பாக்கி வைக்காமல் படிக்கிறோம் என்பதுதான் புதிது. எவனிடமிருந்து எடுத்தோமோ அவனுக்கு நாம் ஏதாவது தரவேண்டியிருக்கிறதா என்ற சந்தேகமே நம் பக்கங்களில் வருவதில்லை.

கடற்கரை நகரத்தில் சோற்றோடு நடந்த இன்னொருத்தியை நமக்குத் தெரியும். மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் அமுதசுரபியை ஏந்திப் போகிறாள். இந்தப் பாத்திரத்தைக் கடன் என்ற கோணத்தில் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. அந்தச் சோறு யாருடையதும் அல்ல. இடுகிறவள் அதைச் சம்பாதித்தவள் இல்லை, அதனால் வாங்கித் தின்றவன் அவளுக்கு ஆள் ஆவதில்லை. செஞ்சோற்றுக் கடன் இல்லாத சோறு, ரொக்கமும் இல்லாத சோறு. இவ்வளவு துணிச்சலான கற்பனை நம் இலக்கியத்தில் குறைவு. ஆனால் சாத்தனார் முழுக்கத் தப்பித்துக்கொள்ளவில்லை. முதலில் ஆதிரை தன் வீட்டிலிருந்து பிச்சையிட வேண்டியிருக்கிறது. யாரோ ஒருத்தியின் அடுப்பு வேண்டியிருக்கிறது. அப்புறம் ஆபுத்திரன். நாடு செழித்து, வாங்க ஆள் இல்லாமல் போனதும் அவன் ஊர் ஊராகத் தேடி அலைகிறான். மணிபல்லவத்தில் தனியாக விடப்பட்டதும் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். கொடுப்பவனுக்கு வாங்குபவன் வேண்டியிருக்கிறது. அந்தக் கடன் இந்தப் பக்கம் விழுகிறது. இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இதையெல்லாம் நான் யோசிக்கத் தகுந்தவனா என்று எனக்கே தெரியவில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது. பல நாள் கரண்ட் இல்லை. எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் ஓடவில்லை, பணம் எடுக்கும் எந்திரம் செத்துக் கிடந்தது. கணக்கில் சம்பளம் இருந்தது, கையில் ரொக்கம் இல்லை. இருந்தாலும் திறந்த கடை இல்லை. வங்கிக்காரன் நான், மூன்றாம் நாள் சேதுபாவாசத்திரம் சாலையில் ஒரு மினி லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். யாரோ போனில் படம் பிடித்தார்கள். துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். லாரியின் மேல் நின்றவர் வயதில் மூத்தவர், என்னைப் பார்த்து "வீட்ல எத்தன பேருண்ணே?" என்று கேட்டார். நாலு என்றேன். அஞ்சு பொட்டலம் கொடுத்தார். தக்காளிச் சோறு, சூடு ஆறியிருந்தது. ஒன்றை அங்கேயே, விழுந்து கிடந்த ஒரு தென்னையின் மேல் உட்கார்ந்து தின்றேன். அவ்வளவு ருசியான சோறு அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை. காண்ட் சரிதான்.

மீதி நாலையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா பிரித்துக்கொண்டே, "எந்த ஊருக்காரவுகடா?" என்று கேட்டது. தெரியாது, வண்டியைப் பார்க்கவில்லை என்றேன்.

"கேட்டிருக்கலாம்ல" என்றது.