கையில் எடுப்பதும் கையை எடுப்பதும்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் எங்கள் திருநாவலூர்ப் பக்கத்தில் தாயில்லாக் குட்டிகள் பெருகிவிடும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரும். ஆட்கள் இறங்குவார்கள். அதுவரை காடுபோல் அடர்ந்து நின்ற வயல் பொழுது சாய்வதற்குள் வெட்டவெளியாகிவிடும். சோகைக்கு நடுவே உள்ளங்கையளவு முயல்குட்டி ஒன்று கிடக்கும். இல்லாவிட்டால் சிறுத்தைக்குட்டி என்று ஊரையே கூட்டிவிடும் காட்டுப்பூனைக்குட்டி. யாராவது அதைத் துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். "பாவம், அம்மா இல்ல" என்பார்கள். அம்மா இல்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

பெரும்பாலும் அம்மா இருக்கிறது. முயல் தன் குட்டியோடு படுத்திருக்கும் பிராணி இல்லை. கூடவே இருந்தால் தன் வாசனையே நரிக்கும் நாய்க்கும் வழிகாட்டிவிடும் என்பதால் விலகியே இருக்கும். இருட்டிய பிறகு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். குட்டி அதுவரை அசையாமல் கிடக்கும். புள்ளிமானும் பிறந்த கன்றைப் புதரில் கிடத்திவிட்டுத்தான் மேயப் போகும். நமக்கு அநாதையாகத் தெரியும் அந்த அசையாத கிடப்புதான் அதன் கவசம். மடியை விட்டு இறக்காத மனிதத் தாயை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பதால், காட்டுத்தாய் எல்லாம் நமக்குப் பொறுப்பற்றவளாகத் தெரிகிறாள்.

என் தம்பி மகன் ஒரு மாலை செருப்பு டப்பாவோடு வந்து நின்றான்.

"பெரியப்பா, இத வளக்கலாமா?"

"எங்கடா எடுத்த?"

"நம்ம கொல்லையிலதான். வெட்டுற ஆளுங்க காட்டுனாங்க. அதோட அம்மாவக் காணோம். நான் ரொம்ப நேரம் நின்னு பாத்தேன்."

அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை தாய் வந்திருக்காது. அவன் நின்றதுதான் காரணம். எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, இன்னும் வெட்டாத கரும்பின் ஓரத்தில் விட்டுவிட்டு வரலாம் என்றேன். மனிதக் கை பட்டுவிட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் வீண் பயம். ஆனால் விட்டுவிட்டு வரும் வழியில் அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை: "செத்துப்போச்சின்னா?"

மறுநாள் அங்கே குட்டி இல்லை. தாயோடு சேர்ந்ததா, கீரி வாய்க்குப் போனதா, தெரியாது. வீட்டில் வைத்திருந்தால் அதன் கதி நமக்குத் தெரிந்திருக்கும். தெரியவேண்டும் என்கிற தவிப்பு நம்முடையது. குட்டிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. காட்டுக் குட்டியை வளர்க்கத் தூக்கிவருகிற பல சமயங்களில் நாம் முதலில் ஆற்றிக்கொள்வது நம் தவிப்பைத்தான்.

உண்மையிலேயே தாயை இழந்த குட்டிகளும் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு நாய் தாய்முயலைக் கடித்துக் கொன்றுவிட்டது. குட்டியை அந்த வீட்டார் எடுத்து, இங்க் ஃபில்லரில் பசும்பால் புகட்டினார்கள். ஆவலாகக் குடித்தது. வயிறு உப்பி, கழிச்சல் கண்டு இறந்தது. "நல்லாத்தானே குடிச்சுது" என்று அந்த அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

குடித்ததுதான் சிக்கல். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருக்கும். முயல் இனத்தின் பாலில் அது பத்துக்கும் மேல். லாக்டோஸ் என்கிற பால்சர்க்கரையோ பசும்பாலில் இருப்பதைவிட மிகக் குறைவு. கன்றுக்கென்று சுரந்த பாலை முயல்குட்டியின் குடல் செரிக்காது. இன்னும் உண்டு: உடல் சில்லிட்ட குட்டிக்கு எந்தப் பாலும் ஆகாது, முதலில் சூடு வேண்டும். நம் குழந்தையைப்போல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பிறந்து சில நாளான பல குட்டிகளுக்குத் தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே கழியும். அந்த நாக்கின் வேலையை ஈரப் பஞ்சால் செய்யவேண்டும். பாசம் மட்டும் இருந்தால் இவற்றில் ஒன்றும் தானாகத் தெரிந்துவிடாது.

தெரிந்த கைகளுக்கும் எல்லாம் வசப்படுவதில்லை. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டி ரகுவை வளர்த்த கதையை உலகமே ஆவணப்படமாகப் பார்த்தது. ரகுவின் தாய் 2017இல் மின்சாரம் தாக்கி இறந்த யானை. படத்துக்கு 2023 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதம், தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு யானைக்குட்டியைக் கூட்டத்தோடு சேர்க்க முடியாமல் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்து அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மாதம் முடிவதற்குள் அது வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. ரகுவைப் பிழைக்கவைத்த கைகள்தான் அதையும் பார்த்துக்கொண்டன.

கென்யாவில் டாப்னி ஷெல்ட்ரிக் என்ற பெண்மணி, யானைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளும் பாலைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் போராடினார். பசும்பாலின் கொழுப்பு ஆகவில்லை. கடைசியில் கைகொடுத்தது தேங்காய் எண்ணெய். அப்படிப் பிழைத்த ஆயிஷா என்ற குட்டி, மகள் கல்யாணத்துக்காக அவர் வெளியூர் போன நாட்களில் உண்ண மறுத்து ஏக்கத்தில் இறந்தது. அதன்பின் அவருடைய காப்பகத்தில் ஒரு குட்டி ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ளாதபடி, பராமரிப்பாளர்களை மாற்றி மாற்றி அமர்த்தினார்கள். அங்கே வளர்ந்த குட்டிகள் பிறகு காட்டுக்குத் திரும்பி, மற்ற யானைகளோடு கலந்தன. 'என்னை விட்டால் அதுக்கு யாருமில்லை' என்று வளர்ப்பவர் பெருமையோடு சொல்லும் நிலைமைதான் குட்டிக்கு மிகப் பெரிய ஆபத்து என்பதை ஆயிஷாவை இழந்துதான் அவர் கற்றார்.

இதை யோசிக்கும்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று எனக்கு வேறு மாதிரி விளங்குகிறது. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளை ஆரூரர், பின்னாளில் சுந்தரர், தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த திருமுனைப்பாடி மன்னர் நரசிங்கமுனையரையர் பிள்ளையைப் பார்த்து ஆசைப்பட்டார். தெருவில் தனியாக நின்ற குழந்தைதானே என்று அள்ளிக்கொண்டு போகவில்லை. பெற்றவர்களிடம் கேட்டு வாங்கினார். அரசச் செல்வத்தோடு வளர்த்தாலும், பிள்ளை பிறந்த மரபு மாறாமல் வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். முதலில் பெற்றவர் இருக்கிறாரா என்று பார்ப்பது, பிறகு அது எந்த இனமோ அந்த இனமாகவே வளரவிடுவது. மனிதப் பிள்ளைக்கு அரசர் காட்டிய இந்த இரண்டு மரியாதையும் முயல்குட்டிக்கும் பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

திருவிளையாடற் புராணத்தில் இன்னும் நெருக்கமான கதை இருக்கிறது. பாண்டிய மன்னனின் வேட்டையில் தாயும் தந்தையும் இறந்துவிட, பன்னிரண்டு காட்டுப்பன்றிக் குட்டிகள் பசியில் துடிக்கின்றன. சொக்கநாதர் பால் கிண்ணத்தோடு வரவில்லை. தாய்ப்பன்றியாகவே வந்து முலை கொடுக்கிறார். அந்தக் குட்டிகள் பிறகு பாண்டியனுக்கே அமைச்சர்கள் ஆனதாகக் கதை முடிகிறது. நாம் வளர்க்கும் குட்டிகள் அமைச்சர் ஆவதில்லை. ரகுகூட முகாம் யானையாகத்தான் பிழைத்தான். காட்டு யானையாக அல்ல.

அந்தக் கதையில் என்னை உறுத்துவது வேட்டைதான். அநாதைகள் தாமாக உண்டாவதில்லை. 2023 மார்ச் 7இல் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. நாடே கண்ணீர் விட்டது குட்டிகளைப் பார்த்துத்தான். கம்பி கட்டிய நாளில் அதைப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அப்போது யாருக்கும் கண்ணீர் வந்திருக்காது. நம் இரக்கம் கையில் அடங்கும் ஒன்றைக் கண்டால்தான் விழிக்கிறது. தாய் உயிரோடு நடமாடும்வரை அது பயிரைத் தின்னும் சனியன். செத்த பிறகு அதன் குட்டி நமக்குச் செல்லம்.

கல்வராயன் மலையடிவாரத்து மக்காச்சோளக் காட்டிலும் எங்கள் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையிலும் பன்றிக்கென்று நேர்லைன் கொடுத்துக் கம்பி கட்டுவது யாரும் அறியாத செய்தி இல்லை. சோலார் வேலி சுள்ளென்று அடித்து விரட்டும். நேர்க்கம்பி கொன்றுவிடும், வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன மனிதரையும் சேர்த்து. மின்வேலிகளை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 2023இல் விதிகளே கொண்டுவந்திருக்கிறது. கம்பி கட்டுகிறவர் கொடியவரும் இல்லை. ஒரே இரவில் பன்றி தோண்டிப்போட்ட கொல்லையைப் பார்த்தவருக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். அதே மனிதர் வரப்பில் ஒரு குட்டியைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கிவந்து பால் ஊற்றுவார். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன.

தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தால், அல்லது குட்டி காயத்தோடும் எறும்பு மொய்த்தும் கிடந்தால், கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும். துணி விரித்த பெட்டியில், கதகதப்பாக, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துப் பால் எதுவும் கொடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லவேண்டும். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அவர்களிடம் போயும் அது இறக்கலாம். கதகதப்பில் இறந்தது என்ற அளவுக்கு அந்த முயற்சிக்கு அர்த்தம் உண்டு.

தாய் இருக்கிறது என்றால் கையை எடுத்துவிடவேண்டும். 2023 டிசம்பரில் ஆனைமலையில் தாயைப் பிரிந்த ஒரு யானைக்குட்டியை வனத்துறையினர் முகாமுக்கு ஓட்டிப் போகவில்லை. ட்ரோன் விட்டுக் கூட்டத்தைத் தேடித் தாயிடமே சேர்த்தார்கள். அந்த வேலைக்கு, தூக்கி வளர்ப்பதைவிட அதிகப் பொறுமை வேண்டும்.

தம்பி மகன் இப்போதும் குட்டி பார்த்தால் ஓடிவந்து சொல்கிறான், எடுப்பதில்லை. சிறுவனிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இனி பேசவேண்டியது அவனிடம் அல்ல. எங்கள் கொல்லைக்கு மேற்கே கம்பி கட்டுகிறவர் என் பங்காளி. வயதில் மூத்தவர், நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பவர். "அண்ணே, அந்தக் கம்பியக் கழட்டிடுங்க, சோலார் வேலிக்கு எழுதிப்போடலாம், நானும் கூட வர்றேன்" என்று அவரிடம் சொல்லவேண்டும். குட்டிக்குப் பால் புகட்டினால் ஊர் மெச்சும். இதற்கு மெச்சமாட்டார்கள், பேச்சுவார்த்தையே நின்றுபோகலாம். அந்தக் கூச்சத்தைத் தாண்டாதவரை, குட்டிகள்மேல் எனக்கிருக்கும் அன்பைப் பற்றி நான் பெரிதாகப் பேசுவதற்கில்லை.