அயல் நிலத்துக் கோரை

கொடியோரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரிடைக் களை கட்டலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். களையைத் தீமைக்கு உவமையாக்கும் வழக்கு நம்மிடம் நிலைத்தமைக்கு அவ்வுவமையின் செப்பமும் ஒரு காரணமாகலாம். ஆயினும் யாழ்ப்பாணத்துத் தீவகத் தோட்டங்களில் மண்டும் கோரையை நோக்குமிடத்து, குற்றம் யாருடையது என்னும் வினா அத்துணை எளிதாக விடை பெறுவதில்லை.

கோரை பல்லாண்டு வாழும் களை. உலகின் கொடிய களைகள் பற்றி 1977இல் வெளிவந்த ஆங்கில நூலொன்று அதற்கே முதலிடம் தந்தது. நம் சித்த வைத்தியரோ அதன் கிழங்கை மருந்தாகக் கொள்வர். களை என்பது ஒரு பொருளின் இயல்பா, நம் தேவை இட்ட பெயரா என்று மெய்யியல் மாணவர் வினவ இஃது இடந்தரும். வெங்காயம் நடுபவருக்கு அவ்வாராய்ச்சிக்கு நேரமில்லை. இலையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுள் தங்கி மீளத் துளிர்க்கும். நிலத்தடித் தண்டால் தொடுக்கப்பட்ட கிழங்குகளை மண்வெட்டி பிரித்துவிடின், உறங்கிக் கிடந்த அரும்புகளும் விழித்தெழும். கோடையில் ஆழக் கொத்திக் கிழங்கை வெயிலிற் காயவிட்டு, மீளத் துளிர்ப்பவற்றை அவை உணவு சேமிக்குமுன் அகற்றல் வேண்டும்; அதனையும் பல பருவம் விடாது செய்தல் வேண்டும். களைகொல்லி உண்டே எனின், கிளைபொசேற்றை அரசு 2015இல் தடைசெய்ததும் பின்னர்த் தளர்த்தியதும் ஒருபுறமிருக்க, சுண்ணக்கல்லினுள் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நன்னீர் நிற்கும் தீவில் எதனைத் தெளிப்பதாயினும் குடிகிணற்றை எண்ணியே தெளித்தல் வேண்டும்.

வேலணையில் ஒருவர் தம் துண்டை இவ்வாறு பேணுகிறார் எனக் கொள்வோம். அடுத்த துண்டுக்குரியவர் 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வில் ஊரைவிட்டு, இன்று கடல்கடந்து வாழ்கிறார். கோரை அங்கிருந்து ஆண்டுதோறும் எல்லை கடக்கும். நெடுந்தீவின் பவளக்கல் மதில்கள் மாட்டையும் குதிரையையும் தடுக்கும். மண்ணுக்குள் ஊர்வதை எம்மதிலும் தடுப்பதில்லை. உயிர் காக்கப் போனவரைப் பழித்தல் தகாது. ஆயினும் உறுதியைக் கைவிடாதவர் அவ்வுறுதியோடு வரும் கடமையை மட்டும் கைவிடலாமோ? நிலம் தம்முடையது என்று அங்கிருந்து சொல்ல முடிகின்றவருக்கு, அதில் முளைப்பதும் தம்முடையதே என்று ஒப்புதல் அரிதாகாது.

அயலவரே உட்புகுந்து கொத்தினால் என்ன? இங்கேதான் சிக்கல். உரியவருக்கெதிராகப் பத்தாண்டு இடையூறின்றி நிலத்தை ஆண்டவர் அதற்கு உரிமை கோர 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வழிசெய்கின்றது. போர்க்காலத்தில் நீதிமன்றை நாட இயலாதிருந்தோருக்கென 2016இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. ஆகவே பிறர் காணியில் மண்வெட்டியோடு நிற்பவரைக் கண்டால் ஊர் ஐயுறும். அதனை வீண் ஐயமென்று யாம் சொல்லத் துணியோம். உதவியாகச் செய்யும் செயலே கவர்தலின் முதற்படியாகவும் தோன்றுமாயின், நல்லவர் கையைக் கட்டிக்கொண்டிருப்பார், கோரை தழைக்கும்.

உரியவர் தம் இசைவை ஓரிரு வரியில் எழுதியனுப்பினால் இவ்வையம் பெரிதும் தீரும். இசைவு பெற்று நிலத்தில் இறங்கியவர் அக்காரணத்தால் உரிமை கோரல் அரிது. ஆனால் உரியவர் இறந்து, மக்கள் மூவர் மூன்று நாடுகளில் இருக்க, பங்கு பிரிக்கப்படாத காணிக்கு அவ்வரிகளை எழுத வேண்டியவர் எவர்?