சொட்டும் இடத்தைக் கண்டுபிடி!

தம்பி, தினமும் காலையில் ரேடியேட்டரில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் நீ வண்டியை எடுக்கிறாய். கேட்டால், “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்கிறாய். யார் உனக்கு அப்படிச் சொன்னது? வயதாகிவிட்டது என்பதற்காக எந்தக் காரும் ஒழுகுவதில்லை. ஒழுகுகிறது என்றால் அதற்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் விட்டுப்போனதற்கு ஒரு காரணமும் உண்டு. இரண்டையும் தேடிப் பிடிக்காமல் பாட்டிலைத் தூக்குகிறாயே, அது பராமரிப்பு அல்ல, சரணாகதி!

உன்னிடம் இருப்பது மாருதி 800 என்றே வைத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி. 796 சி.சி., மூன்றே சிலிண்டர். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் உனக்குக் கிடைக்கமாட்டார். உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை, சென்னையில் ஜி.பி. ரோட்டுப் பக்கம் போய்க் கேட்டுப் பார். (தம்பி என்று எழுதுகிறேன், இதைத் தங்கை படித்தால் அவளுக்கும்தான். ஸ்பேனருக்கு ஆண், பெண் தெரியாது.)

முதல் வேலையாக, உன் காதில் விழுந்த குறுக்குவழிகளை உதறு. “மஞ்சள் தூள் போடு, அடைத்துக்கொள்ளும்” என்பார்கள். அடைத்துக்கொள்ளும்தான், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து! “நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிப் போடு” என்பார்கள். சுமார் 82 டிகிரியில் திறக்கும் அந்தச் சின்ன வால்வு, இன்ஜின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வருவதற்காக இருக்கிறது. அதைக் கழற்றினால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஒழுகல் அப்படியே இருக்கும். போர்வெல் தண்ணீரை ஊற்றச் சொல்வார்கள். அதன் உப்பு உள்ளே படிந்து, துருவும் சேர்ந்து, நாளைக்கு இன்னொரு ஓட்டையைத் தயார் செய்யும்.

இப்போது கண்ணைத் திற. இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வை. காலையில் என்ன சொட்டியிருக்கிறது? நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் என்றால் அது ஏசி விட்டதாக இருக்கலாம்; ஆனால் வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டுகிறவன் நீ, ரேடியேட்டரில் அளவு குறையவில்லை என்றால்தான் நிம்மதி. பச்சையோ சிவப்போ தெரிந்து, விரலில் வழவழத்து, இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட், ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம். அட்டை காய்ந்து கிடக்கிறதே என்று ஏமாந்தும் போகாதே. சூடான இன்ஜின்மேல் கசிவது கீழே விழுமுன்பே ஆவியாகிவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். டார்ச் லைட்டை எடு. ஹோஸ் கிளிப், தெர்மோஸ்டாட் மூடி, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஒவ்வொன்றாகப் பார். பொருக்கு இருக்கும் இடமே சாட்சி. ஹீட்டர் உள்ள வண்டியில் முன் சீட்டுக் கால்மிதியடியையும் தொட்டுப் பார். ஹீட்டர் உள்ளுக்குள் ஒழுகினால் அங்கேதான் ஈரம்.

சில கசிவு இன்ஜின் ஆறிய பிறகுதான் வரும். ரப்பர் சுருங்கி, கிளிப் தளர்ந்திருக்கும். சிலது சூடேறி அழுத்தம் கூடினால்தான் வரும். அதற்காகத்தான் கையால் பம்ப் அடிக்கும் அழுத்தச் சோதனைக் கருவி இருக்கிறது. ஆறிய இன்ஜினில் அதை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அளவுவரை அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விடு. முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. தேடு, தானே காட்டிக்கொடுக்கும்.

அந்த மூடியையும் சும்மா நினைக்காதே. 0.9 கிலோ அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120-ஐ நெருங்கும்வரை அடங்கி நிற்கிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் எங்கும் ஓட்டை இல்லாமலே தண்ணீர் பொங்கி வெளியேறும். ரேடியேட்டரையே மாற்றச் சொல்லுமுன் மூடியை மாற்றிப் பார்க்கச் சொல்லாதவர் பேச்சைக் கேட்காதே.

எனக்குக் கோபம் வருவது வாட்டர் பம்பில்தான். அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியே சொட்டட்டும், ஓட்டுபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வடிவமைத்தவர்களே விட்டுவைத்த துளை அது. எச்சரிக்கவே பிறந்த துளை! அதை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு “சரியாயிடுச்சு” என்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும். ஒரு நாள் பம்ப் இறுகி நின்றுவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முப்பதாவதில் அது நடந்தால் என்ன செய்வாய்? உண்மையைச் சொல்லும் வாயை அடைக்காதே. பம்பை மாற்று.

இன்னொரு பொய்யையும் தெரிந்துகொள். ஏறிய டெம்பரேச்சர் முள் திடீரென்று இறங்கினால் “அப்பாடா” என்று மகிழாதே. தண்ணீர் முழுக்கப் போய், சென்சார் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கலாம். உடனே ஓரம் கட்டு, இன்ஜினை நிறுத்து, அரை மணி நேரமாவது காத்திரு. சூட்டில் மூடியைத் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம். தைரியம் என்றால் மூடியில் கை வைப்பது என்று நினைப்பவன் முட்டாள்.

மேல் ஹோஸ்தான் வெடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாய். இனி பயம் என்ன? இன்ஜின் நன்றாக ஆறட்டும். பழைய கூலன்டைப் பேசினில் பிடி. அது இனிக்கும் விஷம். தெருவில் விட்டால் நாய் நக்கிச் செத்துப்போகும். ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கழுத்து உடையும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடு. கழுத்தில் படிந்த அழுக்கைத் தேய்த்துத் துடை. புது ஹோஸைக் கடைசிவரை ஏற்றி, கிளிப்பை விளிம்பு மேட்டுக்கு உள்பக்கம் வைத்து முறுக்கு. ரப்பர் பிதுங்கும் அளவுக்கு வேண்டாம். கீழ் ஹோஸுக்கும் அதே வயதுதானே? அதையும் மாற்று. கூலன்டும் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து மெதுவாக ஊற்று. வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஓடவிட்டு, குமிழி அடங்க அடங்க நிரப்பு. பிறகு மூடு. விசிறி ஒருமுறை தானாகச் சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே நில். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அளவைப் பார். குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு மறுபடி தேடு.

வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறதா? சைலன்ஸரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் நிறத்தில் குழம்பு, ரேடியேட்டரில் ஓயாத குமிழி, இவற்றில் ஏதாவது தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு. அது பட்டறை வேலை, கூச்சமில்லாமல் கொண்டுபோ. ஆனால் “ஏதோ பார்த்துச் செய்யுங்க அண்ணே” என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்காதே! என்னென்ன பார்த்தாய் என்று வரிசையாகச் சொல். ஹெட்டை இறக்கினால் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பீர்களா, போல்ட்டை டார்க் ரென்ச்சில் வரிசைப்படி முறுக்குவீர்களா என்று கேள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். எரிச்சல்படுகிற பட்டறையில் வண்டியை விடாதே; சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வா.