அமுதசுரபிக்கும் கணக்கு உண்டு

மணிமேகலை பாடிய சாத்தனாரை மரபு மதுரைக் கூலவாணிகன் என்கிறது. தவசம் விற்றவர். படியும் மரக்காலும் புழங்கிய கை, அமுதசுரபி என்ற அள்ள அள்ளக் குறையாத ஒரு பாத்திரத்தைக் கதைக்குள் கொண்டுவந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கும் அளவைத் தொழில்தான். போடியில் ஏலக்காய்க் கடை. மலையில் அஞ்சு கிலோ பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் ஏற்றினால், உலர்ந்து இறங்குவது ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவையும் சல்லடையில் விட்டு, எட்டு எம்.எம். தனியாக, ஏழு எம்.எம். தனியாக, வெடித்த காய் தனியாகப் பிரித்து, நிறம் பார்த்து விலை சொல்கிறோம். எங்கள் கையில் எல்லாமே குறையும். குறையாத பொருள் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், 'யார் தலையில் எழுதியிருக்கிறது?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். சாத்தனாருக்கும் அப்படித் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் காப்பியத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

நான் மணிமேகலையைப் புரட்டியதற்குக் காரணம் பக்தி அல்ல, விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை மாடியில் சிலபேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். கோயம்புத்தூரில் படிக்கும்போது தொற்றிக்கொண்ட பழக்கம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் போட்ட ஆட்டம் இது. ஒருவர் ஓர் உலகத்தைக் கட்டிச் சொல்லுவார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேடம் எடுத்து நுழைவார்கள். ஒரு காரியம் பலிக்குமா என்று தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். உலகத்தைச் சொல்கிறவன் நான். எங்கள் உலகத்தில் கீழே ஒரு நாடு, மேலே ஒரு மலை, இரண்டுக்கும் நடுவே ஒரே கணவாய். கீழ்நாட்டுத் தானியக் களஞ்சியத்துக்காக இரண்டு குடும்பங்கள் தலைமுறையாக அடித்துக்கொள்கின்றன. தெய்வங்கள் உண்டு, ஆனால் இறங்கி வந்து கை கொடுப்பதில்லை. செய்தது திரும்பி வரும் என்பது அங்கே சட்டம். அதற்கு யாரும் விலக்கு இல்லை. இதெல்லாம் பல வருஷமாக ஆடி ஆடி உறைந்துபோன விஷயங்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்குள் முந்தல் தாண்டிப் போடிமெட்டு ஏறி, காய் எடுக்கப் போகும் பெண்களைப் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டிவருவார். ஆட்டத்தில் அவர் ஊர் ஊராகத் திரியும் சாமியார். ஒருநாள் கேட்டார்: "அண்ணே, நம்ம சாமியாருக்கு அந்த அமுதசுரபியக் குடுங்கண்ணே. முற்றுகையில மாட்டுன சனமெல்லாம் சாப்பிடட்டும்."

நியாயமான ஆசை. ஆனால் கொடுத்த மறுநிமிடம் எங்கள் உலகம் கிழிந்துவிடும். களஞ்சியத்துக்காக இனி யார் சண்டை போடுவார்கள்? முற்றுகை என்பதற்கே பொருள் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று: செய்தது திரும்பி வரும் என்ற சட்டத்துக்கு அந்தப் பாத்திரம் மட்டும் எப்படி விலக்காகும்? இது ஆட்டத்துக் கேள்வி போலத் தெரிந்தாலும், அசலில் மதங்கள் எல்லாம் தடுமாறிய கேள்வி. வினை என்று ஒன்று உலகத்தை நடத்துகிறது என்று ஒப்புக்கொண்டபின், அற்புதத்துக்கு அங்கே என்ன இடம்?

ஆட்டக்காரர்களிடம் இதற்குச் சுலபமான மருந்து இருக்கிறது. ஒருநாளைக்கு இத்தனை தடவைதான் வேலை செய்யும் என்று எழுதிவிடுவார்கள். 2014-இல் வந்த பதிப்பில், சக்தி மிகுந்த பொருள்களில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் ஒருவர் தம்மோடு பிணைத்துக்கொள்ள முடியாது என்று விதி போட்டார்கள். எனக்கு இதில் திருப்தி இல்லை. இது ரேஷன் கார்டு முறை: எத்தனை கிலோ என்று சொல்லும், அரிசி எந்த வயலில் விளைந்தது என்று சொல்லாது.

பாரதத்து அட்சய பாத்திரத்திலும் ரேஷன் வாடைதான். வனவாசத்தில் சூரியன் தருமனுக்குத் தந்தது. பாஞ்சாலி சாப்பிட்டு முடிக்கும்வரை அன்றைக்குச் சுரக்கும், அப்புறம் மறுநாள்தான். துருவாசர் பரிவாரத்தோடு வந்து நிற்கும் கதை அந்த விதியைச் சோதிக்கவே எழுதியது போல இருக்கும். கிருஷ்ணன் வந்து, ஒட்டியிருந்த ஒரு கீரைத் துணுக்கைத் தின்று சமாளிக்கிறான். அழகான கதை. ஆனால் என் ஆட்டக்காரர்களிடம் கொடுத்தால், 'பாஞ்சாலிக்கு விரதம்' என்று சொல்லிவிட்டு மூணு வேளையும் ஓட்டல் நடத்திவிடுவார்கள்.

டோல்கீன் பட்ட பாடு வேறு. 1937-இல் 'தி ஹாபிட்' வந்தபோது அந்த மோதிரம் போட்டால் மறையலாம், அவ்வளவுதான். விடுகதைப் போட்டியில் தோற்றால் அதைப் பரிசாகத் தருவதாகக் கொல்லம் என்ற குகைப்பிராணி வாக்குக் கொடுத்திருந்தது. பின்னால் அதே மோதிரத்தை ஒரு பெருங்கதையின் அச்சாணியாக்கியபோது அந்த அத்தியாயம் பொருந்தவில்லை. ஆளைத் தின்னும் மோதிரத்தை யார் மனமுவந்து பந்தயம் வைப்பார்கள்? 1951 பதிப்பில் அவர் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். பழைய கதை என்னாவது? அது கதைநாயகன் பில்போ சொன்ன பொய் என்று ஆக்கிவிட்டார். நல்ல மனிதன் ஒருவன் அந்த மோதிரம் கைக்கு வந்ததுமே பொய் சொல்லத் தொடங்கினான் என்று தையல் வெளியே தெரியாமல் ஒட்டுப்போட்டது பெரிய கெட்டிக்காரத்தனம்.

சாத்தனார் ஒட்டுப்போடவில்லை; பசியிலிருந்து தொடங்குகிறார். ஆபுத்திரன் பெற்றவளால் விடப்பட்டு, பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்த பிள்ளை. வேள்விப் பசுவை அவிழ்த்து ஓட்டியதற்காக ஊரை விட்டு விரட்டப்பட்டு மதுரைக்கு வருகிறான். சிந்தாதேவி கோயில் முன்மண்டபத்தில் தங்கி, பகலெல்லாம் ஓடேந்திப் பிச்சையெடுத்து, குருடர், செவிடர், முடவர்களைக் கூப்பிட்டு ஊட்டி, மிச்சத்தைத் தான் தின்று, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். மழை கொட்டும் ஒரு நடுநிசியில் வழிப்போக்கர்கள் வந்து பசி என்கிறார்கள். கையில் ஒன்றுமில்லை. அப்போதுதான் தேவி பாத்திரத்தைக் கொடுக்கிறாள். அதுவரை வெறும் ஓட்டை வைத்துக்கொண்டு அவன் செய்துவந்த அதே வேலையைத்தான் பாத்திரமும் செய்கிறது. அவனுக்குப் புதிதாக ஒரு சக்தி வரவில்லை. இருந்த பழக்கத்துக்குத் தடை நீங்குகிறது.

அடுத்து நடப்பதை எந்த ஆட்டப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இவனுடைய தருமத்தால் இந்திரன் ஆசனம் அசைகிறது. கிழப் பார்ப்பானாக வந்து வரம் கேள் என்கிறான். ஆபுத்திரன் சிரிக்கிறான்: உங்கள் உலகத்தில் செய்த புண்ணியத்தைத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள், செய்கிறவர் உண்டா? இந்திரனுக்குக் கோபம். பாத்திரத்தைப் பிடுங்கினானா? இல்லை. பன்னிரண்டு வருஷம் வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான். நாடு விளைந்தது. பசித்தவர் இல்லாமல் போனார். அமுதசுரபி உடையாமல், திருடுபோகாமல், சக்தி குன்றாமல், வெறும் சுமையானது. ஆபுத்திரன் அதைத் தூக்கிக்கொண்டு, சாப்பிட யாராவது உண்டா என்று ஊர் ஊராகக் கேட்டு அலைகிறான். சனங்கள் ஏளனம் செய்கிறார்கள்.

மணிமேகலையின் கடைசிக் காதையில் பௌத்தத்தின் பன்னிரு சார்புகள் விளக்கப்படுகின்றன: இது இருந்தால் அது தோன்றும், இது நீங்கினால் அது நீங்கும். அந்தத் தருக்கத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் கொட்டாவி விடுவார்கள், நானும்தான். ஆனால் ஆபுத்திரன் கதையிலேயே அந்தத் தத்துவம் நடந்து முடிந்துவிடுகிறது. பாத்திரத்தின் சக்தி பாத்திரத்தில் மட்டும் இல்லை. எதிரே ஒரு பசி இருந்தால் உண்டு, பசி போனால் இல்லை.

அப்புறம் சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். காற்றில் சிக்கிய கப்பல் மணிபல்லவத்தில் நிற்க, இவன் இறங்க, இருட்டில் இவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, குறையாத சோறு, தின்ன ஒரே வாய். எண்ணற்ற உயிரை ஊட்டும் பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்கு வைத்துக்கொள்ள அவனுக்கு மனசில்லை. கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விடுகிறான். வருஷத்துக்கு ஒருநாள், புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தில் அது மேலே வரும். தகுந்தவர் கையில் சேரும். பின்னால் காப்பியத் தலைவி மணிமேகலை கைக்கு வந்தபோதும், கற்புடைய பெண் ஒருத்தி முதல் பிச்சை இட வேண்டும், ஆதிரை இடுகிறாள். காயசண்டிகையின் அடங்காத யானைப்பசி ஒரு கவளத்தில் அடங்குகிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. எல்லாமே பழைய கணக்கின் தொடர்ச்சி. நடுவில் வானத்திலிருந்து விழுந்தது எதுவும் இல்லை.

சாத்தனார் இதோடு நின்றிருந்தால் அவரைக் கெட்டிக்காரர் என்று மட்டும் சொல்லியிருப்பேன். அவர் கண்ணகியின் நெருப்பையும் பேரேட்டில் ஏற்றுகிறார். சிலப்பதிகாரத்தில் சிலம்பு மந்திரப் பொருளே அல்ல. உள்ளே இருந்தது மாணிக்கமா முத்தா என்பதுதான் வழக்கு. மந்திரம் அப்புறம் வருகிறது, அவள் திருகி எறிந்த முலையில். அந்த நெருப்பு நியாயத்தின் நெருப்பு என்று இளங்கோ நம்மைக் கைகூப்ப வைக்கிறார். மணிமேகலை வஞ்சிக்குப் போய்க் கண்ணகி படிமத்தின் முன் நிற்கும்போது, தெய்வமாகிவிட்ட கண்ணகியே சொல்கிறாள்: கோபத்தில் மதுரையை எரித்த வினை எனக்கும் உண்டு, அதை நான் அனுபவித்தே ஆகவேண்டும். தெய்வத்துக்கும் விலக்கில்லை! இதைப் படித்த அன்று நான் கடைக்குப் போகவே தாமதமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் இது செல்லுபடியாகவில்லை. கண்ணகி எங்களுக்குப் புத்தகத்து ஆள் அல்ல. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் மங்கலதேவி கோயில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் சனத்தை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், பளியன்குடியிலிருந்து மலையேறியும் போகலாம். சேரன் செங்குட்டுவன் கல் நிறுத்திய இடம் அதுதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கல்லுக்கும் ஒரு பூர்வீகம் வேண்டியிருந்தது: பொதியிலில் எடுத்துக் காவிரியில் நீராட்டலாம், இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீராட்டலாம் என்று யோசனை வந்தபோது, செங்குட்டுவன் இமயத்தைத் தேர்ந்து, கனக விசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தான். இடிந்த சுவரும் வெயிலுமாக இருக்கும் அங்கே, என் அத்தை வரிசையில் நின்று வளையலும் மஞ்சளும் வாங்கிவருவார். அவரிடம் மணிமேகலை விஷயத்தைச் சொன்னேன். "கண்ணகியாத்தாளுக்கே வினைன்னா, நான் எதுக்குடா மலையேறிப் போறேன்?" என்றார்.

பதில் சொல்ல முடியாத கேள்வி. கணக்குத் தீர்ப்பவரிடம் யாரும் மலையேறிப் போவதில்லை. கணக்கைத் தள்ளிவைப்பவரிடம்தான் போகிறார்கள். சைவம் இதைத் தெரிந்துவைத்திருக்கிறது. பெரியபுராணத்தில் திருநீலகண்டக் குயவரிடம் சிவனடியார் ஒரு திருவோட்டைக் கொடுத்து வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்கிறார். அந்த ஓடு செய்யும் ஒரே அற்புதம் காணாமல் போவது. வழக்கு வந்து, தன்னைத் தொடக்கூடாது என்ற மனைவியின் ஆணையை ஊரறியச் சொல்லி, மூங்கிலின் இரு முனையைப் பிடித்து இருவரும் குளத்தில் மூழ்கி இளமையாக எழுகிறார்கள். அங்கே பொருள் ஒரு சாக்கு, அருள்தான் சங்கதி. அத்தைக்குச் சேக்கிழார் போதும். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்குச் சாத்தனார்தான் ஒத்துவருகிறார், குறைந்தபட்சம் ஞாயிற்றுக்கிழமைகளில்.

அதனால் ஜீப்காரத் தம்பிக்குப் பாத்திரத்தைக் கொடுத்தேன். அவருடைய சாமியார் முன்பே ஒரு மடத்துக் கொட்டகையில் பிச்சைச்சோறு பகிர்ந்து வந்தவர் என்பதால், இடம் தேட வேண்டியிருக்கவில்லை. முற்றுகைக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். முற்றுகையிட்டவர்களும் பசியோடுதான் இருந்தார்கள்; பாத்திரம் கட்சி பார்க்காது என்பதால் அவர்களும் சாப்பிட்டார்கள், சண்டை நீண்டது. பிறகு நான் மழையைப் பெய்வித்தேன். கணவாய் திறந்து, களஞ்சியம் நிறைந்து, சாமியாரை ஒருவரும் சீண்டவில்லை. எங்கள் கூட்டத்து வங்கி ஊழியர் ஒருவர், ஆட்டத்தில் தளபதி, அப்போது சொன்னார்: "மேலணை மதகை உடைச்சு விட்டா கீழ்நாட்டு வெள்ளாமை போயிரும். சாமியார் மறுபடி பெரிய ஆளு."

ஜீப்காரத் தம்பி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உடைச்சா பாத்திரம் சுரக்குமாண்ணே?" சுரக்கும் என்றேன். எதிரே இருப்பது பசி. அந்தப் பசியை யார் உண்டாக்கினார்கள் என்று பாத்திரம் விசாரிக்காது. "அப்ப பாவம்?" அது பாத்திரத்தின் பேரில் எழுதப்படாது, உடைத்தவர் பேரில் தனியாக எழுதப்படும் என்றேன். இரண்டு பேரும் மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். முடிவு இன்னும் சொல்லவில்லை. உடைப்பார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கீழ்நாட்டில் எந்தெந்த ஊர் மூழ்கும் என்று வரைந்து வைத்திருக்கிறேன்.